நிழலுக்குள் போன தாள்

வெயிலுமுத்துவுக்கு முதல் கேடு செய்தவன் சவுந்தரபாண்டி. அதற்குப் பிறகு கேடு செய்தவர்கள் பலர், அச்சாபீஸ் முதலாளி, கூட வேலை பார்த்தவர்கள், பெண் பார்க்க வந்து காப்பியைக் குடித்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாதவர்கள் என்று வெயிலுமுத்து விரல் மடக்கிச் சொல்வார். ஆனால் எந்தக் கையில் எண்ணத் தொடங்கினாலும் முதல் விரல் சவுந்தரபாண்டிக்குத்தான் மடங்கும். இருபது வருசத்துக்கு மேலாக மடங்கி மடங்கி அந்த விரல் இப்போது முழுசாக நிமிர்வதில்லை.

அப்போது சிவகாசியில் ஒரு அச்சாபீசில் சவுந்தரபாண்டி போர்மேன், வெயிலுமுத்து மெஷின்மேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் ஆப்செட் மெஷினில் மையும் தண்ணீரும் எந்த அளவில் சேர்ந்தால் எந்த நிறம் நிற்கும் என்பதை உருளை சுற்றுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவார். தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், குறைந்தால் வெள்ளைத் தாளில் அழுக்கு ஏறும், வெயில் ஏறினால் மை இளகும், மழை வந்தால் தாள் நமத்து நீளும், இத்தனைக்கும் நடுவில் முதல் தாளில் இருந்த நிறம் நாற்பதாயிரமாவது தாளிலும் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் ஓகே தாள். நூறு இருநூறு தாளை வீணாக ஓட்டி, கூட்டிக் குறைத்து, நிறம் கூடி வந்ததும் ஒரு தாளை உருவி, ஆர்டர் கொடுத்த பார்ட்டி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு போர்மேன் அதில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதிக் கொடுப்பார். ஓட்டம் முடிகிறவரை அது மெஷின் மேசையைவிட்டு நகரக் கூடாது. ஐந்நூறு தாளுக்கு ஒரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முந்தின தாளை வைத்து அடுத்த தாளைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் கண் இரக்கமுள்ளது, மயிரளவு மாறியதை மன்னித்துவிடும், மன்னித்ததையே சரி என்று வைத்துக்கொண்டு அடுத்த மயிரளவையும் மன்னிக்கும்.

அந்த வருசம் மதுரையில் ஒரு நகைக்கடைக்கு மீனாட்சி படம் போட்ட காலண்டர். ஓகே தாளில் அம்மனின் முகத்தில் விழுந்த பச்சை, நெல் நாற்றில் காலையில் முதல் வெயில் படும்போது ஒரு நிமிசம் இருக்குமே, அந்தப் பச்சை. பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சவுந்தரபாண்டி கையெழுத்துப் போட்டான். புது வீடு கட்டிப் பால் காய்ச்ச இருந்த நேரம் அவனுக்கு. தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுப் பூசை அறையில் மாட்டப் போவதாகவும், நாளைக்கு வேறு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும், அதுவரைக்கும் கடைசியாக விழுந்த தாளைப் பார்த்து ஓட்டும்படியும் சொல்லிவிட்டுப் போனான். கூடாது என்று வெயிலுமுத்து சொன்னார். போர்மேன் சொன்னால் ஓட்டத்தான் வேண்டும். ஓட்டினார். நாற்பதாயிரம் தாள் முடிந்தபோது அம்மன் முகம் குளத்துப் பாசியாக இருந்தது, எந்தத் தாளில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முதலாளி கேட்டபோது சவுந்தரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"அவன்கிட்ட குடுத்தேன். தொலைச்சிட்டான்."

அவ்வளவுதான். நாற்பதாயிரம் அம்மனும் கூழாகப் போனார்கள். வெயிலுமுத்துவை மெஷினிலிருந்து இறக்கி, காலண்டர் தலையில் தகரம் அடிக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஊர் அவருக்கு 'தாள் தொலைச்சான்' என்று பெயர் வைத்தது. மகளுக்கு வரன் பேச வந்தவர்கள் தெருமுனையில் நின்று தாள் தொலைச்சான் வீடு எது என்று கேட்டு வந்தார்கள். சவுந்தரபாண்டி சொந்தமாக அச்சாபீஸ் போட்டு முதலாளியானான். வெயிலுமுத்து அவனிடம் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. நாலு பேர் நிற்கும்போது, தாளை நான்தான் எடுத்துட்டுப் போனேன் என்று ஒரு வரி அவன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் தகரத்தில் விரலை வெட்டிக்கொண்டும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார்.

பத்தொன்பதாம் வருசம் ஆடிப்பெருக்கு அன்று, அடுத்த வருசக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களுக்கு ஊர் முழுக்கப் பூசை போடுகிற நாளில், குளித்துவிட்டு முற்றத்தில் நின்ற வெயிலுமுத்துவின் நிழல் நாலாக விழுந்தது. நீலம் ஒன்று இடது பக்கம் சாய்ந்து, சிவப்பு ஒன்று வலது பக்கம் சாய்ந்து, மஞ்சள் ஒன்று முன்னால் தள்ளி, மூன்றும் சேருகிற இடத்தில் கறுப்பு, பிளேட்டுகள் சரியாகப் பொருந்தாமல் அடித்த படம் மாதிரி. அவர் மனைவி சீனியம்மாள் ஈரத்துணியைக் கொடியில் போட்டபடி குனிந்து பார்த்தாள்.

"ரிஜிஸ்டர் விட்டுப்போச்சு ஒங்களுக்கு" என்றாள். பிறகு இட்லி ஆறுகிறது என்று உள்ளே போனாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் டீக்கடைக்காரர் மட்டும், அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒங்க நெழல் விழுந்தா டீயில பால் கூடவா கொறச்சலாங்கறது தெரியமாட்டேங்குது என்றார். இரண்டாம் வாரம் பெண்கள் சேலைக்குச் சேருகிற ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது அவரைக் கடை வாசல்வரை கூட்டிப்போனார்கள். பால்வாடி ஆயா பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இது நீலம், இது மஞ்சள் என்று சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகள் மஞ்சளில் உட்காரச் சண்டை போட்டன. ஒரு நகை ஆசாரி, தங்கம் என்று வாங்கிய வளையல் ஒன்றை மஞ்சளின் ஓரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி அதைக் கொடுத்தவனைத் தேடிப் போனார்.

ஆனால் அந்த நிழலின் அருமையை அறிந்தவை அச்சாபீஸ்கள்தான். செம்மண்ணில் விழுந்தாலும் தார் ரோட்டில் விழுந்தாலும், காலை வெயிலானாலும் டியூப்லைட் ஆனாலும், அந்த நாலு நிறமும் ஒரு இம்மியும் மாறவில்லை. ஒவ்வொரு ஆபீசிலும் மை ஒரு மாதிரி, வெளிச்சம் ஒரு மாதிரி, போர்மேனின் கண் ஒரு மாதிரி என்று காலங்காலமாகப் பார்ட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஊரில், மாறாத ஒன்று கிடைத்துவிட்டது. காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை வெயிலுமுத்து வீட்டு வாசலில் சைக்கிளும் மொபெட்டுமாகக் கூட்டம் கூடியது. ஒவ்வொருவராக ஈரத்தாளைக் கொண்டுவந்து நிழலின் ஓரத்தில் வைத்து, கூடுது, கொறையுது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நிறம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து நிழலின்மேல் வைத்தார். கருவி ஒன்று சொன்னது, நிழல் ஒன்று சொன்னது. கருவியில் கோளாறு என்று கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஓகே ஆச்சா என்று கேட்பதை மறந்து, நெழல் பாத்தாச்சா என்று ஊர் கேட்கத் தொடங்கியது. நிழல் பார்க்காத தாளுக்குப் பார்ட்டிகள் தலையாட்டுவதில்லை. வெயிலுமுத்து வெளியூர் போன நாளில் மெஷின்கள் காத்திருந்தன.

இவ்வளவும் நடக்கும்போது வெயிலுமுத்து யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அவர் கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிழலின் இடது கக்கத்தில், சிவப்பு எட்டாமல் நீலமும் மஞ்சளும் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில், கை அகலத்துக்கு ஒரு பச்சை இருந்தது. அது அந்தப் பச்சை. ஊரில் எல்லாரும் நல்ல பச்சை என்றார்கள். அது யாருடைய முகம் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதனால்தான் ஊரில் எல்லா அச்சாபீசும் வந்தபோது சவுந்தரபாண்டியின் ஆபீசிலிருந்து மட்டும் ஒரு தாள்கூட வரவில்லை. எதிரே வர நேர்ந்தால் அவன் தெருவின் மறுபக்கம் ஏறி, நிழல் தன்மேல் படாமல் போவான்.

ஆனால் மதுரை நகைக்கடை மறுபடி வந்தது. கடையில் இப்போது மகன் பொறுப்பு. அப்பா காலத்தில் அடிக்க நினைத்துக் கெட்டுப்போன அதே மீனாட்சி படத்தை அடிக்க வேண்டும், பச்சை மட்டும் ஊரில் பேசிக்கொள்கிற அந்த நிழலில் இருக்கிற பச்சையாக இருக்க வேண்டும் என்று சவுந்தரபாண்டியிடம் ஆர்டரைக் கொடுத்தார். அவன் ஆறு முறை மாதிரி அடித்தான். ஆறையும் ஆள்விட்டு நிழலில் வைத்துப் பார்த்தான். ஆறும் பாசி. இன்னும் ஒரு முறைதான், அதுவும் நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் சவுந்தரபாண்டி தானே வந்தான். கடைக்காரர் காரிலிருந்து இறங்கி நின்றார். வழக்கமான கூட்டம் விலகி வழிவிட்டது. சவுந்தரபாண்டி துண்டில் சுற்றியிருந்த தாளைப் பிரித்து, ஏழாவது மாதிரி, நேற்று அடித்தது என்றான். வெயிலுமுத்து பார்த்தார். நேற்று அடித்த தாளில் மை வாசம் வரும், இதில் சூட வாசம் வந்தது. ஓரமெல்லாம் பழுத்திருந்தது, நாலு பக்கமும் சட்டத்தின் தடம். கீழ் மூலையைக் கட்டை விரலால் மறைத்துப் பிடித்திருந்தான். அங்கேதான் கையெழுத்து இருக்கும்.

"இது புதுசில்ல, மேஸ்திரி" என்றார் வெயிலுமுத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. ஊரே முதலாளி என்று கூப்பிட்டாலும் அவருக்கு அவன் மேஸ்திரிதான். "சொல்லிட்டு வையி."

"வச்சிட்டுச் சொல்றேன்" என்றான் சவுந்தரபாண்டி. அவன் உதடு காய்ந்திருந்தது.

அப்போது மாட்டேன் என்று வெயிலுமுத்து நகர்ந்திருக்கலாம். விரலை விலக்கச் சொல்லிக் கையெழுத்தைக் கடைக்காரருக்குக் காட்டியிருக்கலாம். கேடு செய்யப்பட்ட மனிதன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள் எழுந்து நின்றது கேடு செய்யப்பட்ட மனிதன் இல்லை, மெஷின்மேன். பத்தொன்பது வருசம் கழித்து அந்தப் பச்சையும் இந்தப் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை அவரை நகரவிடவில்லை. கையை மெல்லத் தூக்கிக் கக்கத்தை விரித்துக் காட்டினார். சவுந்தரபாண்டி தாளை அங்கே வைத்தான்.

பச்சை பச்சையோடு சேர்ந்தது. சேர்ந்ததும், உப்புக்கல் தண்ணீருக்குள் போவதுபோல, முதலில் தாளின் ஓரம், பிறகு அம்மனின் கை, கிளி, மூக்குத்தி, கடைசியாக முகம் என்று எல்லாம் நிழலுக்குள் போயின. தரையில் தாள் இல்லை. கடைக்காரர் மண்டியிட்டு மண்ணைத் தடவிப் பார்த்தார். மண்தான் இருந்தது.

"தாள் எங்க?" என்று கேட்டார்.

சவுந்தரபாண்டி தரையைப் பார்த்தான். பூசை அறைச் சுவரில் பத்தொன்பது வருசம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே சாட்சி போய்விட்டது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்ததை வெயிலுமுத்து பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"அவன்கிட்ட குடுத்தேன். தொலைச்சிட்டான்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் உச்சுக்கொட்டினார்கள். எல்லார் கண்ணெதிரிலும் நடந்ததுதான், ஆனாலும் பழைய பெயர் நாக்கில் தயாராக இருந்தது, மறுபடியும் தொலைச்சிட்டாரா என்று யாரோ சொன்னது கேட்டது. நகைக்கடைக்காரர் மட்டும் யோசித்து, ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் காணாமல் போகுது என்றால் இம்மிகூட வித்தியாசம் இல்லை என்றுதானே அர்த்தம், அதனால் மாதிரி பாஸ் என்றார். ஆனால் நாற்பதாயிரமும் அப்படியே வர வேண்டும், நானே முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எதைப் பார்த்து ஓட்டுவது? தாள் நிழலில் இருந்தது, நிழல் வெயிலுமுத்துவிடம் இருந்தது. சவுந்தரபாண்டி மூன்று ஆட்களை அனுப்பினான். கூப்பிட வேண்டியவன் வரட்டும் என்று மூன்று பேரையும் திருப்பி அனுப்பினார். நாலாம் நாள் மத்தியானம் அவனே வந்து, வீட்டுக்குள் ஏறாமல் தெருவில் நின்றான்.

"வெயிலு, மெஷின் ஏறணும்."

"சொல்ல வேண்டியதச் சொல்லு, ஏறுறேன்."

"ஓட்டி முடி. சொல்லிடறேன்."

அவன் போன பிறகு சீனியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அவன் சொல்ல மாட்டான்" என்றாள்.

"தெரியும்."

"பெறகு எதுக்குப் போறீக?"

வெயிலுமுத்து அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பத்தொன்பது வருசமாக ஒரு சின்னப் பூச்சி அவர் நெஞ்சுக்குள் இருந்து அரித்தது. ஓகே தாள் இருந்திருந்தால் பிசகாமல் ஓட்டியிருப்பேன் என்று அவர் சொல்லாத நாள் இல்லை, ஆனால் ஓட்டியிருப்போமா? ஒருவேளை தாள் மேசைமேல் இருந்து, அப்படியும் அம்மன் பாசியாகிப் போயிருந்தால்? அவன் செய்தது கேடுதான், ஆனால் அந்தக் கேட்டை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது நல்ல மெஷின்மேனா, வெறும் தாள் தொலைச்சானா?

"நாப்பதாயிரம் ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, உள்ளங்கையை மெஷினில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு ஏறினார். நாலு கலர் மெஷின். உருளைகள் மை வாங்கி, தண்ணீர் வாங்கி, சத்தம் நிதானத்துக்கு வந்தது. தாள் விழுகிற மேசைக்கு முன்னால், தலைக்குப் பின்னால் டியூப்லைட் இருக்கும்படி நின்றார். அவர் நிழல் மேசைமேல் விழுந்தது, இடது கக்கத்துப் பச்சை மேசையின் நடுவில் வந்து நின்றது. இனி எந்தப் போர்மேனும் அந்த ஓகே தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாது. ஐந்நூறு தாளுக்கு ஒரு தாளை உருவினார், பச்சையின்மேல் படாமல் அதன் ஓரத்தில் நீட்டினார், முந்தின தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை, மயிரளவு கூடினாலும் மன்னிக்கவில்லை, தண்ணீரை ஒரு சொட்டுக் கூட்டினார், மையை ஒரு திருகு குறைத்தார், மறுபடி ஐந்நூறு, மறுபடி ஒரு தாள். பத்து மணிக்கு வெயில் ஏறியது, மை இளகியது, பிடித்து நிறுத்தினார். இரண்டு மணிக்கு மழை வந்து தாள் நமத்தது, பிடித்து நிறுத்தினார். சாப்பிடப் போகவில்லை, நிழல் நகர்ந்தால் மேசை காலியாகிவிடும் என்று ஒன்றுக்கும் போகவில்லை. மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்க, ஓட்டியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மெஷின் நின்றது. நகைக்கடைக்காரர் அடியிலிருந்து முதல் தாளையும் மேலிருந்து கடைசித் தாளையும் எடுத்து மேசைமேல் சேர்த்து வைத்தார். எது முதல், எது கடைசி என்று அவருக்குத் தெரியவில்லை. மாற்றி வைத்துப் பார்த்தார், பிறகு வைத்த தனக்கே தெரியவில்லை என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சுவரோரம் நின்றவர்களும் கழற்றினார்கள். வெயிலுமுத்துவின் நெஞ்சுக்குள் இருந்த பூச்சி செத்தது. பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக அவர் மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பியது.

கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சவுந்தரபாண்டியைப் பார்த்தார். நாலு பேர் இல்லை, முப்பது பேர் நின்றார்கள். சவுந்தரபாண்டியும் எழுந்து வந்தான். தாளைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அந்த வரி அவன் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டதை வெயிலுமுத்து கண்ணால் கண்டதாகப் பிற்பாடு சொல்வார்.

"தண்ணி குடிச்சியா, வெயிலு?" என்றான்.

வெயிலுமுத்து கந்தல் துணியை மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

அடுத்த வருசம் நாற்பதாயிரம் வீட்டில் அந்தப் பச்சை தொங்கியது. நல்ல பெயர் சவுந்தரபாண்டியின் அச்சாபீசுக்குப் போனது. தாள் தொலைச்சான் என்று ஊரில் யாரும் இப்போது கூப்பிடுவதில்லை, நெழல்காரர் என்கிறார்கள். வெயிலுமுத்துவுக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. பெயரை மாற்றச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லையே.

தாள் முழுக்க நிழலில் கரைந்தாலும் கையெழுத்து கரையவில்லை. அச்சடித்த நிறம்தான் நிழலோடு சேரும், பேனா மை சேராது. இடது கக்கத்துப் பச்சையின் கீழ் மூலையில், விரல் நீளத்துக்கு, சவுந்தரபாண்டியின் கையெழுத்தும் அவன் அன்று எழுதிய தேதியும் அவர் போகிற இடமெல்லாம் கூடவே போகின்றன. காலையில் தாள் கொண்டுவருகிறவர்கள் அதை ஏதோ கீறல் என்று நினைக்கிறார்கள். வெயிலுமுத்து யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. சொல்ல வேண்டியவன் சொல்ல வேண்டும், எழுத்து சொன்னால் செல்லாது.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் மட்டும் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சவுந்தரபாண்டியின் அச்சாபீசுக்குப் போகிறார். உள்ளே ஏறுவதில்லை. கிழக்கே முதுகைக் காட்டி வாசலில் நிற்கிறார், நிழல் நடையைத் தாண்டி உள்ளே போய், ஆல்பங்களை அடுக்கிச் சந்தனம் வைத்திருக்கிற இடம்வரை நீளுகிறது. பூசைத் தட்டோடு வருகிற சவுந்தரபாண்டி தன் கையெழுத்து தரையில் கிடப்பதைப் பார்க்கிறான். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறான். சூடம் அணைகிறவரை, ஆயிரம் தாள் ஓடுகிற நேரம், வெயிலுமுத்து நிற்கிறார். உள்ளே இருந்து யாரோ சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அவர் கையை நீட்டுவதில்லை. நீட்டினால் முதல் விரல் மடங்கியே இருக்கும்.